தொண்ணூற்றைந்தில் ஒரு கோடு

எட்டாவதோடு படிப்பு நின்றது. பீன்யா தொழிற்பேட்டையில் பல வருடம் வேக்வம் பம்ப் ஃபிட்டர் வேலை. பிறகு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். ஒரு மேடத்தின் லேபில் போட்டார்கள்.

மேடம் மற்ற கிரகங்களின் காற்றைப் படிப்பவர். சனியைச் சுற்றும் ஒரு நிலாவில் கனமான காற்று இருக்கிறதாம். அதே காற்றை ஸ்டீல் சேம்பருக்குள் உண்டாக்கி, விளக்கொளி பாய்ச்சி, உள்ளே புதிதாக என்ன பிறக்கிறது என்று பார்ப்பார். சேம்பரின் பாகங்களை இணைத்துப் பூட்டியது நான். காற்றை இறைத்துக் காலி செய்வதும் கசிவு பார்ப்பதும் நான்.

எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கம், வெளிநாட்டில் படித்தவர். நான் கன்னடம் கலந்து பேசும் ஸ்ரீராம்புரம். நான் பேசுவது தமிழே இல்லை என்று ஒருமுறை சிரித்தார். நான் முடுக்கிய போல்ட்டை எல்லாம் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்ப்பார். நானும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அவருக்கு அது ஐந்தாவது வருடம். அதற்குள் பெரிதாக ஒன்றைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வெளியே. அந்த இடத்தில் தன் ஆளை வைக்க டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு ஆசை. இது வாட்ச்மேனுக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா லேபிலும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ. இந்த லேபில் பூஜை கூடாது என்று மேடம் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டார். பீன்யாவில் கற்பூரம் காட்டாத மெஷினை யாரும் ஆன் செய்யமாட்டோம். ரப்பர் வளையம் மாற்றுவதற்காகச் சேம்பர் அன்று திறந்து கிடந்தது. தட்டில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றினேன். சேம்பரின் வாய்க்குள்ளும் காட்டினேன். பாதி பக்தி. பாதி அந்தக் காகிதத்தின் மேல் கோபம். பக்கத்திலேயே வைத்திருந்த புது வளையத்தைப் போட்டு, துடைத்து, மூடினேன்.

அடுத்த மாதம், சேம்பருக்குள் இருப்பதை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மேடத்தின் கம்ப்யூட்டரில் தொண்ணூற்றைந்து என்ற எண்ணுக்கு மேல் ஒரு கோடு எழும்பியது. இதுவரை யாரும் பார்க்காததாம். அன்றுதான் என்னைப் பார்த்து முதல்முறை சிநேகமாகச் சிரித்தார். கட்டுரை எழுதி அனுப்பினார். வேலையை நிரந்தரமாக்கும் கமிட்டிக்கும் அதையே காட்டப்போவதாகச் சொன்னார்.

ஒரு காலை, மேடம் இன்னும் வரவில்லை, வாயுவும் விடவில்லை, விளக்கும் போடவில்லை, காலி சேம்பரிலேயே கோடு நின்றது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான காலி சேம்பரின் அளவை அவர் பூஜைக்கு முன்பே எடுத்து வைத்திருந்தார். அவசரத்தில் மறுபடி எடுக்கவில்லை. நான் மூடியைக் கழற்றி வளையத்தை முகர்ந்தேன். கற்பூர வாசம். ரப்பர் அதை உறிஞ்சி வைத்திருந்தது.

மூடிவிட்டுப் பேசாமல் இருந்தேன். இரண்டு வாரம். அவர் போனால் எனக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் ஹெட் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அந்த லேபில் ஏதாவது கோளாறு உண்டா, இருந்தால் கமிட்டியில் வந்து சொல்லு, உன் வேலையைப் பெர்மனென்ட் செய்யலாம் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்றேன். டீயைக் குடிக்கவில்லை.

நேராக மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். வளையத்தைக் கழற்றி வந்து மேஜை மேல் வைத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"பூஜைய வேணும்னு செஞ்சேன். இது இப்டி ஆகும்னு தெரியாது."

"கமிட்டிக்கு இன்னும் நாலு நாள். இப்ப வந்து சொல்றீங்க."

"ஹெட் கேட்டாரு. அவருகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்."

"பெரிய உபகாரம். என் அஞ்சு வருஷத்த ஒரு ரூபா கற்பூரத்துல கொளுத்திட்டு, நியாயம் பேச வந்துட்டீங்க."

"காலி சேம்பர நீங்க மறுபடி பாத்திருக்கணும் மேடம்."

அவர் முகம் சிவந்தது. வெளியே போங்க என்றார். போனேன்.

கட்டுரையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். கமிட்டியில் சேம்பர் அசுத்தம், சரிபார்க்காதது தன் தப்பு என்று மட்டும் சொன்னாராம். பூஜை பற்றியோ என்னைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை என்று ஆபீஸ் கிளார்க் சொன்னார். ஹெட் அங்கேயே சிரித்தாராம். கமிட்டிக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு கிழவர்தான் இன்னும் ஒரு வருடம் கொடுங்கள் என்றாராம், கொடுத்துவிட்டார்கள்.

மறுநாளே மேடம் எழுதிக் கொடுத்து என்னைப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றினார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சேம்பரை அவரே முழுக்கப் பிரித்து, வளையங்களை எல்லாம் மாற்றி, வாசம் போக நாள் கணக்கில் சூடேற்றினாராம். வழியில் பார்த்தால் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்வோம்.

அடுத்த வருடக் கடைசியில் அவர் வேலை நிரந்தரமானது. என்ன கண்டுபிடித்தார் என்று நான் விசாரிக்கவில்லை. ஸ்வீட் டப்பா எல்லா ரூமுக்கும் போனது, ஹெட் ரூமுக்கும் போனது. பம்ப் ஹவுஸுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்.