சிவப்பு நூல் கட்டிய நிரை

படிக்கிற பிள்ளையின் கையில் ஒருமுறை சம்பளம் பட்டுவிட்டால், புத்தகம் அந்தக் கையை விட்டுப் போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிய காலம் அது. அப்படி நம்பக் காரணமும் இருந்தது. என் அண்ணன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை மட்டும் என்று சொல்லிக் கொழும்பில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் போனான். பெறுபேறு நன்றாகவே வந்தது. அவன்தான் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அப்பா எனக்கு ஒரு விதி வைத்தார். விடுமுறை நாட்களில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் தாய்மாருக்குக் கைகொடுக்கத் தேயிலை மலைக்குப் போவார்கள். நான் மட்டும் போகக்கூடாது. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, தேயிலைக்கு நடுவிலேயே வளர்ந்து, இருபது வயதுவரை ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளாத பெண் அந்த லயத்தில் நான் ஒருத்திதான்.

பதினான்கு வருடங்களுக்கு முன், பதுளையில் பல்கலைக்கழக வளாகப் படிப்பின் இரண்டாம் வருடத்தில் இருந்தேன். வளாகத்துக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்பது வீட்டாரின் இன்னொரு நம்பிக்கை. கிடைத்த உதவிப் பணம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போதவில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால், முதுகு நோவோடு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பா ஞாயிற்றுக்கிழமையும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தச் சமயத்தில்தான், வசதி குறைந்த மாணவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை கொடுக்கிறார்கள் என்று விளம்பரப் பலகையில் பார்த்தேன். நூலகத்துக்குத்தான் ஆசைப்பட்டு விண்ணப்பித்தேன். என் முறை வந்தபோது நூலக இடங்கள் முடிந்துவிட்டன. நேர்முகத்துக்கு இருந்த அம்மையார் என் முகவரியைப் படித்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளைதானே, தேயிலை உனக்குப் பழக்கமாக இருக்குமே" என்று பரிவோடு சொல்லி, ஆராய்ச்சிக்காக வளர்த்த தேயிலை நிலத்துண்டு ஒன்றில் என்னைப் போட்டார். பழக்கமே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வேலை கடினமானது அல்ல. வாரத்தில் மூன்று பின்னேரம், இலக்கமிட்ட செடிகளில் இருநூறு கிராம் கொழுந்து எடுத்து, நிறுத்து, பையில் போட்டு ஒட்டி, ஆய்வுகூடத்தில் ஒப்படைக்க வேண்டும். முதல் மாதம் கொழுந்தோடு முற்றிய இலையையும் சேர்த்துப் பிய்த்தேன். அந்தத் துண்டின் காவல்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; அவரும் எங்களைப் போலத் தோட்டத்துத் தமிழர். "தங்கச்சி, நீ கொழுந்து எடுக்கிறியா, கோழிக்கு எறகு பிடுங்குறியா?" என்று ஒவ்வொரு நாளும் சிரிப்பார்.

அந்த வேலையால் விடுதியில் தங்கி மூன்று வேளையும் சாப்பிட முடிந்தது. அதை இழந்தால் படிப்பை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே, வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கண்டுபிடித்துவிட்டார். சோறு போட்டுக்கொண்டிருந்தவர், என் வலது கையைப் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பினார்.

"என்ன புள்ள வெரல்ல?"

"பேனா மையிம்மா."

அம்மா தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்த கை. இரண்டு கைகளிலும் கறுப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. பெருவிரலின் உட்பக்கம், சுட்டுவிரலின் ஓரம். கொழுந்துச் சாற்றின் கறை எத்தனை கழுவினாலும் போகாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். ஆனால் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது, பழக்கத்தில் வந்த கேள்வி.

"எத்தன கிலோ எடுக்குற?"

"கிலோ இல்லம்மா. கிராம். ஒரு நாளைக்கு எரநூறு கிராம்."

"எரநூறு கிராமா? அதுக்கா ஆள் போட்டு சம்பளம் குடுக்குறாங்க?"

வாசலில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்காமல், சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்பதை என்னால் இன்றும் சொல்ல முடியாது. பிறகு ஒரு தேசிக்காயை வெட்டி, ஒவ்வொரு விரலாக எடுத்துத் தேய்த்தார். "ஒங்கப்பாவுக்குத் தெரிய வேணாம். இருக்குற மட்டும் கைய மடக்கிக்க" என்றார். அந்த நான்கு நாளும் நான் கையை மடக்கிக்கொண்டே திரிந்தேன்.

ஆறு ஏழு மாதம் கழித்து, காற்றும் வெயிலுமாக இருந்த ஓகஸ்ட் மாதம், கண் காட்டுவதற்காக அம்மா பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தார். திரும்பும் வழியில், நான் வேலை செய்யும் இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். எனக்கும் ஆசைதான். காவல்கார அண்ணனிடம் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். கொட்டகைக்குப் பக்கத்து நிழலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, எடுத்த கொழுந்தை ஒப்படைக்க ஆய்வுகூடத்துக்குப் போனேன். தராசில் ஏதோ கோளாறு. முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

அந்தத் துண்டின் மேல் ஓரத்தில் ஒரு செடி நிரை இருந்தது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது. மேற்படிப்பு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு சிங்கள மிஸ், தண்ணீர் குறைந்த அந்தக் காற்றுக் காலத்தில் கொழுந்து எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காக அதை வேண்டுமென்றே பறிக்காமல் விட்டிருந்தார். ஒவ்வொரு செடியிலும் சில அரும்புகளில் சிவப்பு நூல் கட்டி, மூன்று மாதமாக வாரம் தவறாமல் அளந்து எழுதிக்கொண்டிருந்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அது கவனிப்பாரற்றுத் தழைத்துக் கிடக்கும் நிரை.

நான் திரும்பி வந்தபோது அந்த நிரை இல்லை. அதாவது, தழைத்துக் கிடந்தது எல்லாம் போய், மேசை மாதிரி மட்டமாக, அழகாக இருந்தது. கொட்டகையில் கிடந்த ஒரு சாக்கில் பாதிவரை கொழுந்து. பக்கத்தில் ஒரு கல்லின் மேல், பறந்துவிடாமல் இன்னொரு கல் வைத்து, சிவப்பு நூல்கள் எல்லாம் ஒரு கட்டாக.

"ஒன்னோட நெர பாக்கியா நின்னுச்சு புள்ள" என்றார் அம்மா, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "யாராச்சும் பாத்தா ஏசுவாங்களேன்னு முடிச்சு விட்டுட்டேன். என்னமோ நூலெல்லாம் சுத்தியிருந்துச்சு. அதையும் கழட்டி வச்சிருக்கேன்."

எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். கர்ப்பிணியோ காய்ச்சல்காரியோ தன் நிரையை முடிக்க முடியாமல் திணறினால், பக்கத்து நிரைக்காரி ஒரு வார்த்தை பேசாமல் அதையும் முடித்து வைப்பாள். அம்மா செய்தது அவ்வளவுதான்.

காவல்கார அண்ணன் கீழ் வாசலிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"மாடு மேஞ்சிருச்சுன்னு சொல்லிருவோம் தங்கச்சி" என்றார் முதலில். பிறகு நிரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "ஆனா எந்த மாடு இவ்வளவு மட்டமா மேயும்?"

அந்த நேரத்தில்தான் மிஸ் மேலே ஏறி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். அளவுகோலும் நோட்டுப் புத்தகமும் கையில் இருந்தன. நிரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மா பத்தடி தள்ளி, கொழுந்துச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சிங்களம் தெரியாது என்பது என் எண்ணம். வேலை போகும், விடுதி போகும், படிப்பு போகும் என்று ஒரே நொடியில் எல்லாம் மனதில் ஓடியது. நான் சிங்களத்தில் சொன்னேன்: "எனக்குத் தெரியாது மிஸ். நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன். யாரோ ஒரு தோட்டத்துப் பொம்பளை உள்ளே வந்து பறித்திருக்கிறாள்."

சொல்லி முடித்ததும் காவல்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிஸ் நேரே அம்மாவிடம் போனார். அவர் வாய் திறப்பதற்கு முன் அம்மா இரண்டு கையையும் கூப்பினார். "மம தமாய்" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "மே மகே துவ" என்றார். நான்தான் செய்தேன், இது என் மகள். சிங்களத்தில், நிதானமாக, தலை நிமிர்ந்து சொன்னார்.

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. கல்லடியில் இருந்த நூல் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது. மூன்று மாத உழைப்பு அல்லவா. அம்மா தானும் போய் எதிரே குந்திக்கொண்டார்.

பிறகு மிஸ் நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, அன்றைய திகதியை எழுதினார். பறித்த நேரத்தை என்னிடம் கேட்டார், சொன்னேன். அந்தப் பக்கத்தில் பறித்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். "பெயர்?" என்றார், தலையை உயர்த்தாமல். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டார். இந்த முறை கொஞ்சம் உரக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்" என்றார். "நாளை காலை விரிவுரைக்கு முன் வா. நூல் கட்ட வேண்டும்."

அவ்வளவுதான். மேலிடத்தில் முறையிடவில்லை. என் வேலையும் போகவில்லை. நான் சொன்ன பொய்யைப் பற்றி அன்றும் பிறகும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்கும்வரை ஒவ்வொரு காலையும் அந்த நிரையில் அவரோடு நின்றேன்.

அம்மாவைப் பதுளை பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே நின்றேன். பஸ் கிளம்பும் நேரத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"இருவது வருசமா ஞாயித்துக்கெழம சந்தையில மரக்கறி வாங்குறேன் புள்ள. அந்தளவு சிங்களம் எனக்கு வெளங்காதா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பயந்துட்ட. வேல போயிரும்னு பயந்துட்ட. அது எனக்குத் தெரியாதா?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு அந்தத் தம்பி சொன்ன மாதிரி மாடுன்னே சொல்லியிருக்கலாம்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் போய்விட்டது. ஹாலிஎல போகும் பஸ்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

படிப்பை முடித்தேன். பதுளையிலேயே ஓர் ஆசிரியையாக இருக்கிறேன். பட்டமளிப்புக்கு அப்பா என் கூடப்பிறந்த அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் வேலை செய்து படித்தது கடைசிவரை அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வருடம்தான் இருந்தார். அந்த மிஸ் ஆய்வை முடித்து வெளிநாடு போய்விட்டார். காவல்கார அண்ணனும் ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இருந்து காலமானதாகக் கேள்வி.

அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்வார். இருநூறு கிராம், சிவப்பு நூல், மட்டமாக மேய்ந்த மாடு என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டுவார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மிஸ் என்னிடம் கேட்ட இடம் வரும்போது மட்டும், "அப்புறம் அந்த மிஸ் எங்கிட்ட வந்துச்சு" என்று தாண்டிப் போய்விடுவார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்த இடத்தில் அவர் தடுமாறியதில்லை. நான் தேநீர் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் புதிதாக மன்னிக்கப்படுவதாகத் தோன்றும். அன்று நான் என்ன சொன்னேன் என்று அறிந்தவர்களில் இங்கே மிஞ்சியிருப்பவர்கள் அம்மாவும் நானும்தான்.