பத்மாதேவி காப்பாற்றிய குழாய்

"பொறுங்கோ, இவர் இன்னும் அடியிலை இறங்கேல்லை."

பத்மாதேவி ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை நகத்தால் சுண்டிக்கொண்டிருக்கிறார். 'இவர்' என்பது ஒரு துளி நீர். அதற்குள் இருப்பது பிளாஸ்மிட். எலியின் மரபணு ஒன்றையும், அது வேலை செய்யும் இடத்தைப் பச்சையாக ஒளிரவைக்கும் இன்னொன்றையும் சேர்த்து ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ. வளையம். கோழிக் கருவுக்குள் செலுத்தினால் எலியின் மரபணு அங்கே வேலை செய்யத் தொடங்கும். சிறகு முளைக்கும் விதத்தை அதைக்கொண்டு ஆராய்கிறார்கள்.

பேராதனையில் எங்கள் ஆய்வுகூடத்தில் அவரைப்போல் கை நடுங்காதவர் இல்லை. பிறப்பிலேயே மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். முட்டை ஓட்டை வெட்டுமுன் "குறை நினைக்காதேங்கோ" என்று அதனிடம் முணுமுணுப்பார். யாழ்ப்பாணத்தவர் என்றாலும் சிங்களம் சுத்தமாகப் பேசுவார். கண்டிக்கு பஸ் ஏறினால் ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கைக்கடிகாரத்தின் அடியில் ஒட்டிவிடுவார். 'பத்மா மிஸ்' சிங்களப் பெண் என்றே பலர் நினைத்தார்கள். அவர் திருத்தியதில்லை.

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு சந்திக்குச் சந்தி சோதனை. அந்த நாட்களில்தான் இந்தப் பிளாஸ்மிட் வெளிநாட்டிலிருந்து வந்தது. கண்டித் தபாற்கந்தோரில் அதை எடுத்து வர, பத்மாதேவியோடு ஆய்வுகூட உதவியாளர் லூர்துவும் போனார். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். திரும்பி வரும் பஸ்ஸில் ஐஸ் பெட்டி அவர் மடியில். பத்மாதேவி இரண்டு ஆசனம் முன்னே.

கெட்டம்பைச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பத்மாதேவியின் அடையாள அட்டையை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த சிப்பாய், லூர்துவின் பெட்டியைத் திறந்தான். குழாயோடு ஒரு தாள். அதில் பெரிய வட்டம், சுற்றிவர அம்புக்குறிகள், மேலே ஆங்கிலத்தில் 'மேப்'. பிளாஸ்மிட்டின் அமைப்பு அது.

"மே கொஹே சித்தியமக்த?" எந்த இடத்து வரைபடம் என்று சிங்களத்தில் கேட்டான்.

லூர்து பத்மாதேவியைப் பார்த்தார். அவர் மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். லூர்து தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாதுங்க" என்று தமிழில்தான் வந்தது. அவரையும் தாளையும் கொண்டுபோனார்கள். பெட்டி ரோட்டோரம் கிடந்தது.

"நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலை ஏறிட்டன்" என்று பின்னொருநாள் பத்மாதேவி என்னிடம் சொன்னார். "பழுதாப் போயிடும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். குழாயை பிரீசரிலை வைச்சிட்டுத்தான் பேராசிரியரிட்டைப் போனன். அது ஐஸ் இல்லாட்டிலும் கிழமைக்கணக்கா இருக்கும். அது எனக்குத் தெரியும்."

பேராசிரியர் நேரில் போய் விளக்கிய பிறகு லூர்துவை விட்டார்கள். இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்பதில்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பத்மாதேவி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "நீங்க பேசியிருந்தா உங்களையும் புடிச்சிருப்பாங்க மிஸ்" என்று தடுத்துவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டால் பத்மாதேவிக்கு அன்று சோறு இறங்காது.

சென்ற மாதம் சோதனை பலித்தது. நுண்நோக்கியில் கோழிக் கருவின் சிறகரும்பு பச்சையாக ஒளிர்ந்தது. கூடியிருந்தவர்கள் கலைந்த பிறகு லூர்து வந்து, கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குக் கொண்டாந்தது கெட்டுப் போகலீங்களே, மிஸ்?"

"இல்லை லூர்து. கெட்டுப்போகேல்லை."

"அது போதுங்க."

பத்மாதேவி எழுந்து, தான் இருந்த கதிரையை அவர் பக்கம் இழுத்து வைத்தார். லூர்து உட்காரவில்லை. பத்மாதேவியும் திரும்ப உட்காரவில்லை.