புளியரைப் பந்தலில் எழுதப்பட்ட ஒரு வரி

காலை 6.30. திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்திலிருந்து தென்காசிப் பேருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாக ஏறக்குறைய நூற்றைந்து கிலோமீட்டர். கட்டணம் நூற்று முப்பத்திரண்டு ரூபாய். மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தாயிற்று. சீசன் முடிவதற்குள் குற்றாலத்தில் ஒரு குளியல், தென்காசியில் ஓர் இரவு, மறுநாள் திருச்சி என்பது திட்டம். சுகாதாரத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

குரங்கம்மை நாடு நாடாகப் பரவுகிறது என்று தொலைக்காட்சிகள் ஒரு வாரமாக அலறிக்கொண்டிருந்தன. பேருந்திலும் அதே பேச்சு. விமான நிலையச் சீட்டு ஒட்டிய பெட்டியோடு ஒருவன் ஏறி வெயில் பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்ததும், அருகிலிருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். காலியான இடத்தில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அது தொற்றிவிடாது என்று தெரிந்தவன் அந்தப் பேருந்தில் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு.

அவன் பெயர் இசக்கிமுத்து. வயது முப்பத்தைந்து இருக்கும். வளைகுடாவில் கட்டட வேலை. ஊர், செங்கோட்டைக்கு அருகே வடகரை.

"அப்பா முந்தாநாள் தவறிட்டாரு சார். ஐஸ் பெட்டில வச்சிருக்காங்க. நான் ஒரே பையன், அதனால காத்துக் கெடக்காங்க. இன்னைக்கு ஒரு மணிக்கு எடுத்துருவாங்க. இதுக்கு மேல வைக்க முடியாதாம்."

"பத்தே காலுக்குச் செங்கோட்டை. தாராளமாகப் போய்விடலாம்" என்றேன்.

காலை 9.50. மலை இறங்கியதும் புளியரையில் பேருந்தை நிறுத்தினார்கள். தகரப் பந்தல், ஒரு மேசை, ஒரு பதிவேடு. வெப்பமானியோடு ஒரு பெண் சுகாதார ஆய்வாளர்; வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. நெற்றிகளை வரிசையாக அளந்துகொண்டு வந்தவர் இசக்கிமுத்துவிடம் நின்றார். நூறு புள்ளி ஆறு. முழுக்கைச் சட்டையை மடிக்கச் சொன்னார். முழங்கை வரை சிவந்த பொரிப்பு.

"வேர்க்குரு மேடம். அங்கன வெயிலு அப்படி."

அவர் ஒரு கணம் யோசித்தார். "வெயில்ல உக்காந்து வந்தீங்களா? நெழல்ல கொஞ்சம் உக்காருங்கண்ணே, திரும்பப் பார்ப்போம்."

சரியான முடிவு. இருபது வருடத்துக்கு முன் என்றால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முதல் அளவைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தானேம்மா இரண்டாவது?"

அவர் திரும்பிப் பார்த்தார். "சார் டிபார்ட்மெண்டா?"

ஆமாம் என்றேன். சொல்லும்போது நிமிர்ந்து வேறு நின்றேன். அவர் பதற்றத்தோடு எழுதினார். காய்ச்சல்: உண்டு. கொப்புளம்: உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம், வேர்க்குருவுக்குக் கட்டம் இல்லை. உண்டு என்பதில் குறியிட்டார்.

கால் மணி நேரம் கழித்து அளந்தபோது தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

"அடிச்சிட்டு மாத்தி எழுதிரவா சார்?" என்னைத்தான் கேட்டார்.

"பதிவேட்டில் அடித்தல் கூடாதும்மா. குறி விழுந்துவிட்டால் மருத்துவ அலுவலர் பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும்."

மருத்துவர் குற்றாலம் முகாமில் இருந்தார். வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம் என்று தொலைபேசியில் பதில் வந்தது. இசக்கிமுத்து என் முகத்தைப் பார்த்தான். "சார், நீங்க கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றான். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடுவார் என்று அவனுக்குச் சொன்னேன். நடத்துநர் விசில் ஊதினார். நான் ஏறிக்கொண்டேன். சன்னல் வழியாகப் பயணிகள் அவனைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

காலை 11.10. செங்கோட்டையில் இறங்கி, சிற்றுந்து பிடித்துக் குற்றாலம். மெயின் அருவியில் தண்ணீர் நடுத்தரம், கூட்டம் அதிகம். மங்குஸ்தான் கிலோ முந்நூறு என்றார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, சாரல் முகத்தில் பட்ட நேரத்தில், அது நினைவுக்கு வந்தது. வீட்டுக் கண்காணிப்பு உறுதிமொழி. இறப்பு போன்ற அவசரம் என்றால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஆய்வாளரே அனுப்பிவிடலாம். என் காலத்தில் நானே எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்த எனக்கு, தவறு கண்டுபிடிக்கும் அவசரத்தில் மறந்துபோயிற்று.

குளிக்கவில்லை. புளியரைக்கு ஆட்டோ, ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புளியரைக்கா போறிய அண்ணாச்சி? அங்கன கொரங்கம்மைக்காரன் ஒருத்தனப் புடிச்சு வச்சிருக்காங்களாம். வாட்ஸப்புல போட்டோவே வந்துட்டு. வடகரைக்காரனாம்."

"அவனுக்கு ஒன்றும் இல்லை."

"நீங்க சொல்லுதிய. போட்டோ வேற சொல்லுதே."

பகல் 12.15. பந்தலில் இசக்கிமுத்து இல்லை. மருத்துவர் வந்து பார்த்து, வேர்க்குரு என்று எழுதி, சான்று கொடுத்து அனுப்பி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு மணிக்குள் போய்விடுவான் என்று மூச்சு விட்டேன். ஆனாலும் திரும்ப மனம் வரவில்லை. ஆட்டோவை வடகரைக்கு விடச் சொன்னேன்.

பகல் 12.45. வீடு கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தெருவில் பந்தல் போட்டிருந்தது. ஐஸ் பெட்டி காலியாக இருந்தது. இசக்கிமுத்து திகைத்துப்போனவனாகத் தன் பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஒருவரும் இல்லை. உறவினர் எல்லாரும் எதிர்ச் சுவரோரம் நின்றார்கள். அவன் தங்கை வாசல்படியைத் தாண்டாமல் நின்று அழுதாள்.

படம் ஊருக்குப் பதினோரு மணிக்கே வந்துவிட்டதாம். அவனை இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், விட்டாலும் கிட்டே சேர்க்க முடியாது என்று பேசி முடிவுசெய்து, பதினொன்றரைக்கே உடலை எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

இசக்கிமுத்து என்னைக் கண்டதும் எழுந்து, மருத்துவரின் சான்றை நீட்டினான். படித்தேன். கையெழுத்து, தேதி, முத்திரை எதிலும் குறை இல்லை.

"யாரும் வாங்கிப் பார்க்க மாட்டேங்காங்க சார். நீங்களாவது சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமில்லன்னு."

சுவரோரம் நின்றவர்களிடம் போய் என் பதவியைச் சொல்லி, சான்றை உரக்கப் படித்தேன். அவனுடைய சித்தப்பா குறுக்கிட்டார்.

"ஒண்ணுமில்லன்னா பொறவு எதுக்கு சார் நிப்பாட்டுனாங்க?"

என்ன சொன்னாலும் பழி அந்த ஆய்வாளர்ப் பெண்ணின் தலையில்தான் விழும். அதுவும் எனக்குத் தெரிந்த நடைமுறைதான்.

"நான் சொல்லித்தான் நிறுத்தினார்கள். அந்தம்மா விடத்தான் இருந்தார். எழுத வைத்தது நான். விட வழி இருந்ததும் எனக்குத் தெரியும். அப்போது தோன்றவில்லை."

சித்தப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"நீங்க எங்களுக்கு யாரு?" என்றார். கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தங்கை படியிறங்கி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இசக்கிமுத்து என் பக்கம் திரும்பவில்லை. சான்று என் கையிலேயே இருந்தது. அவனுடைய பயணப் பெட்டியின் மேல் அதை வைத்துவிட்டுத் தெருமுனைக்கு நடந்தேன்.

மறுநாள் காலை. திருச்சி வழியாகப் போகும் ரயில் தென்காசியிலிருந்து நேரத்துக்குக் கிளம்பியது. பாவூர்சத்திரம் போகும் காய்கறி வண்டிகள் கேட்டருகே வரிசையாக நின்றன. என் பணிக்காலத்தில் புளியரையில் இருந்ததைப் போன்ற பந்தல்களில் எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். பெயர், வயது, முகவரி, எங்கிருந்து வருகிறீர் என்று எல்லாரிடமும் கேட்டு எழுதினேன். எதற்காகப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. இவன் ஒருவன் கேட்காமலே சொன்னான்.