நிழலில் காய்ந்த தோல்

என் அலமாரியில் ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. வாயில் அரக்கு முத்திரை. உள்ளே மாதுளைத் தோலிலிருந்து இறக்கிய சாறு. சில சொட்டு விட்டால் கடலையெண்ணெய் மாதக்கணக்கில் சிக்கு வாடை எடுக்காது. தஞ்சாவூர் ஜூஸ் கடைகள் குப்பையில் கொட்டும் தோலுக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று நிறுவியவர் எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர். "நெல்லு இல்லய்யா இது. வெயில் பட்டா சத்து போயிடும்" என்பார். செய்முறையில் 'நிழலில் உலர்த்துக' என்பதை முதல் விதியாக எழுதியவரும் அவரே.

நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தோல் உலர்த்தக் கொட்டகை போட்டோம். மிராசுதாரிடமிருந்து நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலம். அதற்காகக் கூலிக்காரர்கள் கொடி பிடித்தார்கள், அடிபட்டார்கள், வழக்கு முடியக் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் அவர்கள் வீட்டுப் பெண்களின் குழுவுக்கு ஒரு நிபந்தனையோடு கிடைத்தது. சாறு தரத்தில் தேறினால் பட்டா. தேறாவிட்டால் நிலம் அரசுக்கே திரும்பும். நிபந்தனையை நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"தேறுமா சார்?" என்றார் குழுத் தலைவி.

"இயக்குநர் இருக்காரும்மா" என்றேன்.

பெண்கள் கீற்று நிழலில் வலை கட்டி, தோலைப் புரட்டிப் புரட்டி உலர்த்தினார்கள். சாறு தேன் நிறத்தில் இறங்கியது. அப்போது அமைச்சர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. புதிதாக வந்த தோலைக் களத்தில் பரப்பச் சொன்னார் இயக்குநர்.

"ஐயா, வெயிலாச்சே?"

"அமைச்சர் என்ன கொட்டகைக்குள்ள குனிஞ்சா வருவாரு? போட்டோவுக்குத்தாம்மா. அப்புறம் அள்ளிக் கொட்டிடலாம்."

நானும் நம்பினேன். எந்தக் கரை வேட்டி ஆண்டாலும் போட்டோ முக்கியம் என்பது சர்வீஸில் சேர்ந்த நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். ஆனால் சித்திரை வெயிலில் வெந்த தோலை யாரும் அள்ளிக் கொட்டவில்லை. இயக்குநர் தம் கையால் தரப் பரிசோதனைக்கு அனுப்பியது அதன் சாற்றைத்தான். தேறவில்லை. நேரில் கேட்டேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

நிழல் தோலின் சாற்றைப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு, மறுபரிசோதனை கோரி அனுப்பினேன். 'உரிய வழியில் வரவில்லை' என்று திரும்பி வந்தது. உரிய வழி என்றால் இயக்குநர் மேசை. அங்கே வைத்தேன், அது அங்கேயே இருந்தது. அலுவலக விதிகளைக் கரைத்துக் குடித்தவன் நான். விதியை எழுதியவரே உடைத்தால் யாரிடம் போவது என்று எதிலும் சொல்லியிருக்கவில்லை. நிலம் ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளருக்குக் குத்தகைக்குப் போனது. இயக்குநருக்குப் பணி நீட்டிப்பு வந்தது. நீட்டிப்பும் முடிந்து கிளம்பிய அன்று, இழுப்பறையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினார். "இந்தாய்யா, ஒன்னோடது. நிலம் யாருக்குங்கறத மேல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. நமக்குத் தோலு போதும்." முத்திரை உடைபடவே இல்லை.

சென்ற மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மண்டபம் அந்த நிலத்தில்தான் நிற்கிறது. கை கழுவப் பின்பக்கம் போனால், ஜூஸ் பிழிந்த மாதுளைத் தோல் வெயிலில் குவிந்து கிடந்தது. மண்டபத்துச் சீருடைப் புடவையில் ஒரு பெண் அதை விளக்குமாற்றால் சுவரோர நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். குழுத் தலைவி.

"வாங்க சார், சாப்பிட்டீங்களா?" என்றார். பிறகு தன் கையைப் பார்த்துச் சிரித்தார். "குப்பைக்குத்தான் போவுது. கை கேக்க மாட்டேங்குது."

கிளம்பும்போது கேட்டார்: "ஒங்க இயக்குநர் சொகமா இருக்காரா?"

சுகமாகத்தான் இருக்கிறார். புட்டியை நான் அலமாரியில் வெயில் எட்டாத தட்டில் வைத்திருக்கிறேன். அவருடைய முதல் விதியை இன்னமும் மீறவில்லை.