தூரம்தான் கணக்கு

சோற்றைப் பிசையும் முன் ஞானேந்திரன் கறியை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். பிறகு மனைவியைக் கேட்பார்: “யோசெப்பின், உதுக்கும் போன கிழமைக் கறிக்கும் எத்தினை?”

“ஒம்பது. கதையாமல் சாப்பிடுங்கோ.”

ஒன்று என்றால் இரண்டும் ஒரே மாதிரி. ஒன்பது என்றால் சம்பந்தமே இல்லை. கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் யோசெப்பின் இதைப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு ஜக்கெற், பாதரின் இரண்டு பிரசங்கம், எதற்கும் அவருக்கு ஓர் எண் வேண்டும்.

தொழில் கொடுத்த பழக்கம் அது. தயிர் செய்யும் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை. ருசி பார்ப்பவர்கள் தயிரை இரண்டிரண்டாகச் சுவைத்து எண் போடுவார்கள். அவர் அதைக் கணினிக்குக் கொடுப்பார். ஒத்த தயிர்கள் கிட்டவும் ஒவ்வாதவை எட்டவும் புள்ளிகளாக நிற்கும் ஒரு படம் வரும். கிட்ட நிற்பவற்றைக் கணினியே கொத்துக் கொத்தாகப் பிரித்துத் தர, ஒவ்வொரு கொத்தையும் அவர் வட்டத்துக்குள் அடைப்பார். “தயிருக்கும் சொந்தபந்தம் இருக்கப்பா” என்பார்.

2004 நத்தார் விடுமுறையில் வீட்டாரையே படம் போட ஆசைப்பட்டார். தான், யோசெப்பின், மகன் டினோஜன், மகள் றொஷினி, நத்தாருக்கு வந்திருந்த யோசெப்பினின் தம்பி அல்பேட். யார் யாரைப் போல என்று எல்லோரும் சிரித்துச் சிரித்து எண் போட்டார்கள்.

படம் வந்தது. நான்கு புள்ளிகள் ஒரே வட்டத்துக்குள். ஐந்தாவது, மூலையில் தனியாக.

“மெற்றோ ரயிலை விட்டிட்டுத் தனிய நிக்கிறியளோ அப்பா?” என்றாள் றொஷினி.

“அல்பேட் மாமா எங்கட கொத்து!” என்றான் டினோஜன்.

ஞானேந்திரன் சிரிக்கவில்லை. “எனக்கும் டினோஜனுக்கும் நான் ரண்டு போட்டனான்” என்றார். மகன் ஒன்பது போட்டிருந்தான்.

யோசெப்பினுக்கு அந்தப் படம் புதிதல்ல. அவர் முதலில் தனியாகக் கனடா வந்தார். ஏழு வருடம் மன்னாரில் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அல்பேட். பிறகு அவர்களும் கனடா வந்து இறங்கிய நாளில், மிராபெல் விமான நிலையத்தில் பூச்செண்டோடு நின்றவரைப் பார்த்து, டினோஜன் அவளுடைய சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டான்: “அம்மா, ஆர் அந்த மாமா?” அவருக்கும் அது கேட்டது.

“இஞ்சாருங்கோ, பிள்ளையள் பகிடிக்குப் போட்டதுகள். விடுங்கோ.”

“உதிலை மேலை, கீழை எண்டு ஒண்டுமில்லை” என்றார் அவர். “எந்தப் பக்கமும் திருப்பலாம். தூரம்தான் கணக்கு.” சொல்லிவிட்டுப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார்.

இப்போது பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் அவர் எண் கேட்பதில்லை. மஞ்சள் பூத்த அந்தப் படம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. காலையில் சப்பாத்தைக் கட்டிவிட்டு வந்து அதைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறார். ஒருநாள் அவருடைய புள்ளி மேலே நிற்கும். ஒருநாள் அடுப்புப் பக்கம். யோசெப்பின் பார்க்காதது போலத் தேத்தண்ணி ஆற்றுவாள்.

இன்று அந்தப் புள்ளி கீழே, வாசற்கதவுப் பக்கமாக நிற்கிறது.