அரை மணி நேர லென்ஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கருவிழி கூம்பு மாதிரி முன்தள்ளத் தொடங்கியது. கண்ணாடி போட்டாலும் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சேலையூரில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் தப்பும் தவறுமாகத் திருத்தினேன். கண்ணைச் சரிசெய்துகொண்டு ஜூனில் வாருங்கள் என்று தலைமையாசிரியை அனுப்பிவிட்டார். என் கணவருக்கு அதில் வருத்தமே இல்லை. மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு கிடைத்ததே.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த லென்ஸ் கடைக்கு நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். லென்ஸ் பொருத்துபவர் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். அது செமி சாஃப்ட் லென்ஸாம்; சாஃப்ட் என்பது பெயரில் மட்டும்தான். கண்ணுக்குள் உமி விழுந்தது போல உறுத்தியது. கண்ணில் பச்சைச் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது சரியா உக்காருது. அரை மணி நேரம் வெளிய இருங்க, கண்ணு பழகட்டும்" என்றார்.

ஜன்னலோர பெஞ்சில் கண்ணீர் ஒழுக உட்கார்ந்திருந்தேன். அது நின்றதும் கீழே பார்த்தேன். பொழிச்சலூர் பஸ்ஸின் போர்டு தெரிந்தது. கண்டக்டர் காதில் செருகியிருந்த பேனா தெரிந்தது. ஒரு சிறுமியின் இரட்டைப் பின்னலில் ஒன்று மட்டும் அவிழ்ந்திருந்தது. இரண்டு வருடமாக இதெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. எதிர்க் கடைப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். ஜூனில் பள்ளிக்குப் போய்விடலாம்.

லென்ஸ் பொருத்துபவர் உள்ளே கூப்பிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரிவரை படித்தேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், மேடம் வேலைக்குப் போறாங்களா?"

"இல்ல சார். வீட்லதான் இருக்காங்க."

"அப்போ எதுக்கு சார் இந்தத் தொல்லை? தூசி, சமையல் புகை, தினமும் கழுவணும். வீட்டு வேலைக்குக் கண்ணாடியே போதும்."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

என் கண்ணைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். ஜூனில் எனக்கு வேலை காத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்பது பிள்ளைகளை அதட்டிய என் வாயில் அன்றைக்கு என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவர்கள் மேல் இருப்பதைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

"கண்ணை நல்லா விரிச்சு, ஓரத்தைக் காதுப் பக்கமா இழுத்துச் சிமிட்டுங்க. லென்ஸ் தானா கழண்டு வந்துடும்" என்றார் அவர்.

சிமிட்டினேன். இரண்டும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விழுந்தன.

"பரவாயில்லையே. முதல் தடவையே நிறைய பேருக்கு இது வராது."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.