தண்ணீர் கேன் அக்காவின் எண்

போன வருடம் மழைக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நானும் என் கணவரும் போயிருந்தோம்.

நாங்கள் கரூர்ப் பக்கம். இருவருக்குமே கம்ப்யூட்டர் வேலை. திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எங்களுக்கு ஜியோகேச்சிங் என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். பெரியவர்களுக்கான கண்ணாமூச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் வரைபடம், குறிப்பு, முன்பு தேடியவர்கள் எழுதியது என்று பக்கம் பக்கமாக அச்செடுத்துக்கொண்டு போவோம். மழையில் நனையும், காற்றில் பறக்கும். அப்புறம் கணவர் உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கினார். கம்ப்யூட்டரில் இருந்து எல்லா விவரங்களையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். "இனிமே ஒரு தாள்கூட வேண்டாம்" என்று அவர் சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பையில் இருந்த பேனாக்களையெல்லாம் மேசையில் கொட்டினேன். பெயர் எழுத மட்டும் குட்டிப் பென்சில் ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கும். அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்கள் என்று செல்போன்களையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தோம்.

அன்றைக்கு நடைபாதையைத் தாண்டி, ஏரியின் பின்பக்கம் புதர்கள் இருக்கும் இடத்துக்குக் கருவி எங்களைக் கூட்டிப்போனது. ஒரு பட்டமரப் பொந்துக்குள் கணவர் கையை விட்டார். அடுத்த நொடி அலறிக்கொண்டு ஓடிவந்தார். குளவிகள். கையிலும் கழுத்திலும் கொட்டிவிட்டன. அந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கருவியிலும் அது இருந்தது. சின்னத் திரையில் அவ்வளவு கீழே நாங்கள் தள்ளிப் படிக்கவில்லை.

வலிதானே, சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் சாலைக்கு வருவதற்குள் அவருக்கு உதடு தடித்துவிட்டது. கண் மூடிக்கொண்டது. மூச்சு இழுக்க ஆரம்பித்து, சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்னிடம் போன் இல்லை. ஸ்கூட்டரை ஏரியின் அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தோம். கையில் இருந்த கருவியால் யாரையும் கூப்பிட முடியாது. போன இரண்டு வண்டிகளும் நிற்கவில்லை.

அப்போதுதான் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். நைட்டி மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? மூஞ்சி இப்டி வீங்கிகினு கீது?"

"குளவி கொட்டிடுச்சு அக்கா. மூச்சு விட முடியலை."

"அதுக்கு ரோட்ல குந்திகினு இருந்தா எப்டி? ஏத்து வண்டில!"

பேசிக்கொண்டே பின்னால் இருந்த கேன்களைச் சாலையோரம் இறக்க ஆரம்பித்தார். நிறைந்த கேன்கள். நானும் கூடச் சேர்ந்து இறக்கினேன். "கேன் போயிடப் போகுது அக்கா" என்று நான் சொன்னபோது, "போனா போவுது வுடு. ஆளைப் புடி" என்றார். இருவருமாகக் கணவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டே வந்தேன். ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் அவர் ஓட்டினார். நடுநடுவே திரும்பி, "பேச்சு குடுத்துகினே வாம்மா, தூங்க வுடாத" என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்கும்வரை அந்த அக்கா என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் போனில் சார்ஜ் இல்லாததால், நர்ஸிடம் போன் வாங்கிக் கொடுத்து என் மைத்துனருக்குப் பேசச் சொன்னதும் அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி நின்றார்.

"நீ இன்னா வேலைம்மா செய்ற?"

சொன்னேன்.

"எம் பொண்ணு பி.காம் முட்ச்சிட்டு ஊட்லயே கீது. கம்ப்யூட்டர்லாம் கத்துகினு கீது. எங்க போனாலும் தெரிஞ்ச ஆளு கீறாங்களான்னு கேக்குறாங்க. நமக்கு யாரைத் தெரியும்? உங்க ஆபீஸ்ல எதுனா இருந்தா சொல்லேன். இல்லன்னாலும் பரவால்ல."

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு அப்போது ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கண்டிப்பா கூப்பிடுறேன் அக்கா. உங்க நம்பர் சொல்லுங்க" என்றேன். அவர் நர்ஸிடம் பேனா கேட்கப் போனார். நான்தான் தடுத்தேன். கருவியில் பெட்டியைப் பற்றி நாமே குறிப்பு எழுதிக்கொள்ள ஓர் இடம் உண்டு. அதில் எண்ணைத் தட்டி, 'தண்ணீர் கேன் அக்கா' என்று போட்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. என் எண்ணைக் கொடுக்கவும் தோன்றவில்லை.

"கைலயாச்சும் எழுதிக்கோம்மா" என்றார்.

"கையில எழுதினா அழிஞ்சிடும் அக்கா. இதுல அழியாது."

சிரித்தார். தன் வீடு மேனாம்பேட்டில் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணவர் வீட்டுக்கு வந்து, நான் விடுப்பு முடிந்து அலுவலகம் போக ஒரு வாரம் ஆகிவிட்டது. போன முதல் நாளே கணக்குப் பிரிவில் பேசினேன். அந்தப் பெண்ணின் விவரங்களை உடனே அனுப்பச் சொன்னார்கள். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கருவியைத்தான் எடுத்தேன். ஏரிக்கரைப் பெட்டியின் விவரமே அதில் இல்லை, அதோடு நான் தட்டி வைத்த எண்ணும்.

"அதுவா? சும்மா படுத்திருக்க போரடிச்சுது. பழசையெல்லாம் எடுத்துட்டு அடுத்த மாசத்துக்குப் புதுசா ஏத்தி வச்சேன்" என்றார் கணவர்.

அவரிடம் அந்த எண்ணைப் பற்றி நான் சொல்லியிருக்கவே இல்லை. சொன்னதும் பதறிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஏதேதோ மென்பொருளைப் போட்டு இரவெல்லாம் தேடினார். கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெட்டி தேடப் போகவில்லை, அந்த அக்காவைத் தேடித்தான் போனோம். மேனாம்பேட்டில் பெயர் தெரியாமல் தெருத்தெருவாகக் கேட்டோம். பருத்திப்பட்டில் கேட்டோம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் கேன் போடும் இடங்களில் கேட்டோம். கடைசியில் மறுபடியும் மேனாம்பேட்டுக்கே போனபோது ஒரு மளிகைக் கடைக்காரர், "வண்டி ஓட்டும், சட்டை போட்டுகினு இருக்கும், அந்தம்மாவா?" என்றார். எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது.

"அது ஊடு காலி பண்ணிகினு போயிட்ச்சேம்மா."

"எங்கே போனாங்க?"

"தெரியலையே. பையன் எங்கியோ வேலைக்குப் போறான்னு அங்கயே போய்ட்டாங்க."

"அவங்க நம்பர் இருக்கா அண்ணே?"

"தெனமும் இந்தப் பக்கம் போய் வந்துகினு இருக்கும். கையைக் காட்டினா கேன் போட்டுட்டுப் போவும். நம்பர் இன்னாத்துக்கு?"

நாங்கள் திரும்பும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "யாரோ ஒரு ஆபீஸ் மேடம் போன் பண்றேன்னு சொல்லிகீறாங்க, பொண்ணுக்கு வேலை கெடைக்கப் போவுதுன்னு எல்லார் கிட்டயும் சொல்லிகினு இருந்துச்சு. கேன் எறக்கும்போதுகூட போனைக் கைலயே வச்சிகினு இருக்கும்."

அந்த மேடம் நான்தான் என்று சொல்லாமலே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன்.

கணக்குப் பிரிவில் அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். கணவர் நன்றாக இருக்கிறார். சட்டை காலரை ஒதுக்கும்போது கழுத்தில் குளவி கொட்டிய தழும்பு தெரியும். நான் அவரைத் திட்டியதில்லை. அவர்தான் அவ்வப்போது தன்னைத்தானே திட்டிக்கொள்வார். சாலையில் லோடு ஆட்டோவைப் பார்த்தால் இருவருமே ஓட்டுபவர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறோம்.

அந்த அக்கா எனக்குச் செய்த உதவிக்குக் கைமாறு செய்ய முடியாமல் போனதைக்கூட மனம் ஒருவழியாகத் தாங்கிக்கொள்கிறது. காரியம் முடிந்ததும் மறந்துவிட்ட இன்னொரு படித்த பெண் என்றுதானே அந்தத் தாயும் மகளும் என்னை இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.